ஓடாத சௌந்தரிக்கு ஓய்வு விழா

என் நாத்தனார் ஞானசௌந்தரியைப் பற்றி வேறு யாராவது எழுதினால் அவள் வாங்கிய மெடல்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் அவள் ரயிலை விட்ட கதையை எழுதப் போகிறேன். மெடல்கள் ஷோகேஸில் பத்திரமாக இருக்கின்றன, தூசு தட்டுவது நான். ரயிலை விட்டதால் வந்த வம்பும் என் தலையில்தான் விடிந்தது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குக் காலையில் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். தாம்பரம் போகிற மின்சார ரயில் வந்து நிற்கும். மேம்பாலத்தில் ஊரே தடதடவென்று ஓடிவரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, காட்டன் புடவையும் வெள்ளை ஷூவுமாக, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி ஒருத்தி நடந்து வருவாள். ஓடுகிற காலேஜ் பையன்களை எல்லாம் நடந்தே தாண்டுவாள். படியிறங்கும்போது ரயில் நகர ஆரம்பித்துவிடும். பெண்கள் பெட்டியிலிருந்து கையை நீட்டி, "ரெண்டு எட்டு ஓடுங்க மேடம், ரெண்டே எட்டு" என்று கெஞ்சுவார்கள். ஓடமாட்டாள். பிளாட்பாரம் முடிகிறவரை ரயிலோடு கூடவே நடப்பாள். கடைசிப் பெட்டி கார்டு அவளுக்கு டாட்டா காட்டுவார். அவளும் மரியாதையாகத் திருப்பிக் காட்டுவாள்.

சௌந்தரி நடைப் போட்டி வீராங்கனை. அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடத்தான் கூடாது. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. வழி நெடுக நடுவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார்கள். ரெண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் 'தூக்கிவிட்டாய்' என்று சிவப்பு அட்டை. மூன்று சிவப்பு அட்டை சேர்ந்தால் வெளியே. இப்படி ஒரு போட்டியில் தேசிய அளவில் மெடல் வாங்கியவள் அவள். அதை வைத்துத்தான் தாம்பரத்தில் ஒரு வங்கியில் வேலையும் கிடைத்தது.

2024-இல், வடக்கே ஒரு ஊரில் நடந்த தேசியப் போட்டிதான் கடைசி. கடைசி வளைவில் இவள்தான் முதலில் வந்துகொண்டிருந்தாள். அங்கே நின்றிருந்த நரைமீசைக்காரர் ஒருவர் மூன்றாவது சிவப்பு அட்டையைப் போட்டுவிட்டார். வெளியே வந்தவளுக்கு அடுத்த மாதமே இடுப்பும் மக்கர் பண்ணியது. டாக்டர் போதும் என்றார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான். போட்டி இருந்தவரை வங்கியில் ஸ்பெஷல் லீவு. இப்போது எல்லோரையும்போல நேரத்துக்குப் போய் கவுண்டரில் உட்கார வேண்டும். அங்கேதான் இந்த ரயில் விவகாரம் ஆரம்பித்தது.

"ஏம்மா, இப்பதான் போட்டி எதுவும் இல்லையே, ஓடினா என்ன?" என்று கேட்டேன்.

"ஓடிட்டா அந்த ஆள் சொன்னது சரின்னு ஆயிடும் அண்ணி. என் காலு அன்னிக்குத் தூக்கல. நான் ஓடற ஜாதி இல்ல. எந்த ரயிலுக்கும் ஓடமாட்டேன்."

மேனேஜர் ரெண்டு தடவை எச்சரித்துவிட்டார். இன்னொரு தடவை லேட்டானால் மெமோ என்று சொல்லியிருந்தார். இவளோ முந்தின ரயிலுக்கும் போகமாட்டாள், ஏனென்றால் அதற்கு முன்னால் ஏரிக்கரையில் வேலை இருந்தது. விடியும் முன்பே எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். எங்கே போவது என்று தெரியாது. பிறகு நந்திவரம் ஏரிக்கரைக்குப் போய், காலை நடைக்கு வருகிறவர்களின் முட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கையில் என் மஞ்சள் பிளாஸ்டிக் விசிறி. முட்டி மடங்கினால், நடுவர்கள் எச்சரிக்கை அட்டை காட்டுவதுபோல விசிறியைத் தூக்கிக் காட்டுவாள். சர்க்கரை நோய்க்காக நடக்க வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் அவளுக்குப் பயந்து நடையையே நிறுத்திவிட்டார். அவர் மனைவி வீடு தேடி வந்து, "உங்க நாத்தனாரால இவருக்கு சுகர் ஏறுது" என்று புகார் சொன்னாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவள் ஷூ கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே வங்கி ஏற்பாடு செய்திருந்த ஆலோசகர் ஜெனிக்குப் போன் செய்தேன். விளையாட்டை விட்டவர்களின் மனசைக் கவனிப்பதுதான் அந்தப் பெண்ணின் வேலை. வாராவாரம் சௌந்தரியிடம் பேசுகிறவள்.

ஜெனி சொன்னாள்: "அக்கா, விளையாட்டை விட்ட நாள் எதுன்னு அவங்களைக் கேட்டேன். அவங்களால சொல்ல முடியல. விட்டுட்டோம்னு ஒரு நாள் இருக்கணும். நாலு பேர் முன்னாடி அவங்களே முடிச்சு வைக்கணும். அது இல்லன்னா உடம்பு அடுத்த போட்டிக்குக் காத்துக்கிட்டே இருக்கும். சின்னதா ஏதாவது பண்ணுங்க."

சின்னதாகப் பண்ணுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் வீட்டுக்காரர் எழிலும் நானும் யோசித்தோம். ஆபீசில் ஓய்வு பெற்றால் மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம் கொடுத்து, ஜோடித்த ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். இத்தனை வருஷம் நடந்தவளுக்கு ஒரு ஜீப் கூடவா கிடையாது? ஒரு சனிக்கிழமை சாயந்தரம் விழா வைப்பது என்று முடிவானது. வாசலில் சாமியானா, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி. அவளுக்குச் சொல்லவில்லை, அசத்திவிடலாம் என்று நினைத்தோம்.

பேனர் அடிக்கிற பொறுப்பு எழிலுடையது. மார்க்கெட்டில் அஃப்தாப் என்ற தம்பியின் பிளெக்ஸ் கடைக்குப் போய், சௌந்தரி மெடலோடு சிரிக்கிற படத்தைக் கொடுத்திருக்கிறார். கீழே 2005 – 2024 என்று போடச் சொல்லியிருக்கிறார். முதல் போட்டி, கடைசிப் போட்டி. மேலே போட ஒரு வாசகத்தைத் தானே யோசித்துக் கொடுத்திருக்கிறார்: 'நடந்தது போதும் சௌந்தரி.'

"நீ போண்ணா, நான் பாத்துக்கிறேன்" என்று அஃப்தாப் தோளைத் தட்டி அனுப்பினானாம்.

சனிக்கிழமை சௌந்தரி வங்கிக்குப் போன பிறகு, எங்கள் லே-அவுட் முனையில் பேனரைக் கட்டிவிட்டுப் போனான். எழில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா வந்திருக்கு. தலைக்குப் பின்னாடி ஒளி வட்டம் எல்லாம் போட்டிருக்கான். ரெண்டு பக்கமும் வெள்ளைப் புறா" என்றார். எனக்கு வெங்காயம் நறுக்கவே நேரம் போதவில்லை, நான் போய்ப் பார்க்கவில்லை. ஜீப் பிடிக்க அவர் கிளம்பிப் போனார். நான் சாமியானாவுக்குக் கீழே ஒரு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெடல்களை வரிசையாக வைத்தேன். நடுவில் அவள் படத்தைப் பிரேம் போட்டு வைத்தேன். மொட்டையாக இருக்கிறதே என்று அதற்கு ஒரு சந்தன மாலையும் போட்டேன்.

விழா சாயந்தரம்தான். மத்தியானமே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. நம் சௌந்தரிக்கு இவ்வளவு மரியாதையா? யாரும் சத்தம் போடவில்லை, குழந்தைகளைக் கூட அடக்கி வைத்திருந்தார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கரணையிலிருந்து வந்த அத்தை ஒருத்தி நேரே சமையல்கட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். விளையாட்டுக்காரி விளையாட்டை விட்டதற்கு இப்படி உருகுகிறாளே, பாசக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிம்மா ஆச்சு?" என்றாள்.

"இடுப்புதான் அத்தை. ஒரு வருஷமாவே வலி."

"கடைசி வரைக்கும் நடமாட்டமா இருந்தாளா?"

"நடமாட்டமா? இருபது கிலோமீட்டர் நடந்தா அத்தை."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு. இருந்து பிரியாணி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"பிரியாணியா?"

"அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ கோளாறு இருந்தது. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். தாசில்தாரும் மனைவியோடு வந்திருந்தார். "நல்ல ஆத்மா. என் முட்டி மேல எவ்வளவு அக்கறை" என்று மூக்கைச் சிந்தினார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அடுப்பில் வேலை இருந்தால் எனக்கு எதுவுமே உறைக்காது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, அதையும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் என்றும், பெயர் கேஷவ் என்றும், மாடம்பாக்கத்திலிருந்து வருவதாகவும் சொன்னார். பேனரை யாரோ படமெடுத்து வாட்ஸப்பில் போட்டிருந்தார்களாம். படத்துக்கு முன்னால் போய் நின்றார். சௌந்தரி போனில் நூறு தடவை காட்டிய அந்த நரைமீசையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் காலையும் மாலையும் திட்டு வாங்கிய மீசை அல்லவா அது! உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அந்த மனுஷர் குடியிருந்தது பக்கத்து மாடம்பாக்கத்தில்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நான் அந்தக் கார்டைப் போட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். "அன்னிக்கு வெயில். எனக்குக் கண்ணாடி வேற மங்கல். அந்தப் பொண்ணு காலு தூக்கவே இல்லையோ என்னவோ. போய்ச் சேர்ந்த பொண்ணு, என்னை மன்னிச்சிடும்மா."

"போய்ச் சேர்ந்த பொண்ணா?" என்றேன். அப்போதுதான் சந்தன மாலை, வெள்ளைத் துணி, ஒளி வட்டம், புறா, பேனரில் 2005 – 2024, நான் அத்தைக்குச் சொன்ன பதில்கள் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இறங்கின.

அதே நேரத்தில் தெருமுனையில் ஒரு அலறல். தொடர்ந்து இன்னொன்று. சௌந்தரி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். அதே இடுப்பு வெட்டு, அதே வெள்ளை ஷூ. சாமியானாவில் இருந்தவர்கள் ஒட்டுமொத்தமாக எழுந்ததில் நாற்காலிகள் கவிழ்ந்தன. பள்ளிக்கரணை அத்தை சிலுவை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் பதுங்கினாள்.

சௌந்தரி கூட்டத்தைப் பார்த்தாள். மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, நான் செத்துட்டேனா?" என்று நிதானமாகக் கேட்டாள். "முனையில போர்டு பாத்தேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஜெனி ஓடிவந்தாள். விழாவுக்கென்று கிளம்பி வந்தவள் முனையில் அந்தப் பேனரைப் பார்த்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பைக் காணோம். சௌந்தரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜெனியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் செய்கிற வேலையில் அப்படி ஒரு பேனரைப் பார்த்தால், சௌந்தரி தன்னை ஏதாவது செய்துகொண்டாளோ என்றுதான் தோன்றும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சௌந்தரிதான் எங்கள் ரெண்டு பேரின் முதுகையும் தட்டிக்கொடுத்தாள்.

ஜீப்போடு வந்த எழில், வழியில் அஃப்தாப்பையும் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒரு ஆளு போட்டோ, கீய ரெண்டு வருசம். வேற இன்னாண்ணா நெனப்பேன்?" என்றான் அஃப்தாப். "கல்யாணத்துக்கு ரெண்டு போட்டோ கீது, காதுகுத்துக்குக் கொயந்த கீது. ஒத்த ஆளு போட்டோன்னா சாவு பேனருக்குதான் கீது. அண்ணன் அழுவாம நிக்கிறாரேன்னு எனக்கே பேஜாரா இருந்துச்சு. நானா பாத்துதான் புறா போட்டேன், அதுக்குக் காசு கூட வாங்கல."

சிரிப்பு கிளம்பியது. தாசில்தார்தான் முதலில் சிரித்தார். சௌந்தரியும் சிரித்தாள். ஆனால் அவள் கண் கேஷவ் சார் மேல் விழுந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"சார், நான் வர்றதுக்கு முன்னாடி என்னவோ சொன்னீங்களாமே" என்றாள். "என் காலு தூக்கவே இல்லன்னு சொன்னீங்கதானே? தாசில்தார் சார் சொன்னாரு. எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான், எனக்குத் தெரியும். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன். கேஷவ் சார் கண்ணீரைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்."

"அப்ப தூக்குச்சு" என்றார்.

சௌந்தரியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நழுவினார். "சார், நில்லுங்க" என்று இவள் பின்னாலேயே போனாள். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். இவள் வேகம் கூட்டினாள், இடுப்பு வெட்டியது, கைகள் வீசின, ஆனாலும் நடைதான். எங்கள் தெரு குண்டும் குழியுமானது, அவரால் வேகமாகப் போக முடியவில்லை. திரும்பிப் பார்த்தார். பேசாமல் போயிருக்கலாம். நடுவர் புத்தி விடுமா? கண் நேராக அவள் காலுக்குத்தான் போனது.

"முட்டி மடங்குதும்மா" என்று கத்தினார்.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் எங்கள் லே-அவுட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சௌந்தரி ஓடினாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டு ஓடினாள். இருபது வருஷமாக ஓடாதவளின் ஓட்டம் எப்படி இருக்கும்? கை ஒரு திசை, கால் ஒரு திசை. ஆனால் ஓட்டம். ரேஷன் கடை வேகத்தடையில் ஸ்கூட்டரின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துவிட்டாள்.

அடித்துவிடப் போகிறாளே என்று நானும் கரண்டியோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் ரெண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். "இப்ப தூக்குச்சு பாரு" என்று கேஷவ் சார் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு காலும் நல்லாவே தூக்குச்சு." சௌந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து வேகத்தடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்கியது வாங்கியாகிவிட்டதே என்று அவர் அந்த ரோஜா மாலையை அவள் கழுத்தில் போட்டார். ஜெனி ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்து கைதட்டினாள்.

"எழுந்திருங்க, பிரியாணி ஆறுது" என்றேன். எல்லோரும் முன்னால் போனார்கள். சௌந்தரி மாலையோடு என் பக்கத்தில் மெதுவாக நடந்தாள். முட்டி நன்றாக மடங்கியது.

"அண்ணி, அன்னிக்கு அந்தக் கடைசி வளைவுலயும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "ரெண்டு காலும் தரையில இல்ல. ஒரு செகண்டுதான். அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

நான் நின்றுவிட்டேன். "இதை அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்கு? அவருக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

சொல்லிவிட்டு மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். அன்று சாயந்தரம் எல்லோர் முன்னாலும் ஷூவைக் கழற்றி மெடல் மேஜைமேல் வைத்தாள். ஜீப்பில் ஏறி லே-அவுட்டை மூன்று சுற்றுச் சுற்றி வீட்டு வாசலிலேயே இறங்கினாள். நானும் ரெண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரைக்குப் போகாமல் தூங்கிவிட்டாள், அதனால் மறுபடி நேரமாகிவிட்டது. நான் மேம்பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். ரயில் நகர ஆரம்பித்தது. பெண்கள் பெட்டியிலிருந்து கை நீண்டது. செருப்புக் காலோடு சௌந்தரி ஓடினாள். பார்க்கச் சகிக்காத ஓட்டம், ஆனால் ஏறிவிட்டாள்.